தெப்பக்குளமும் ஒரு சீனத் தோட்டமும்



சென்ற இதழில் வந்த என் கட்டுரையைப் படித்துவிட்டு லிஃப்டிலும் பால் பூத்திலும் பாராட்டியவர்களுக்கு நன்றி. நீளம் அதிகம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி. இந்த முறையும் நீளம்தான். சீனா வரை போய் வர வேண்டியிருக்கிறது. ஆனால் கட்டுரை முடிவது நம் சி பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில்தான்.

அந்தப் பள்ளம் உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும். ஓரத்தில் இரண்டு புங்க மரங்கள், யாரும் வைக்காமல் தானே முளைத்த ஒரு வேம்பு, கொஞ்சம் கோரைப்புல். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் வயலாக இருந்தபோது ஓடிய வாய்க்காலின் மிச்சம் அது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை மேடாக்கி, பேவர் பிளாக் பதித்து, 14 கார்கள் நிறுத்த வசதி செய்யலாம் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்கான மதிப்பீட்டைத் தயாரித்துக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, சென்ற ஆண்டு பொருளாளராக இருந்த நான்தான். "பயன்படாமல் கிடக்கும் இடம்" என்று என் கையாலேயே எழுதினேன். இப்போது அந்த வரியைத் திரும்பப் பெற விரும்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த வரலாறு.

பூ இல்லாத தோட்டம்

2018-ல் என் மகள் ஷாங்காயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மனைவியும் மூன்று வாரம் போய்த் தங்கினோம். ஒரு சனிக்கிழமை சூஜோ என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். அந்த ஊரின் பழைய தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. யுனெஸ்கோ 1997-ல் நான்கையும் 2000-ல் மேலும் ஐந்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தோட்டம் என்றதும் நான் ஊட்டி தாவரவியல் பூங்காவை மனத்தில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே போனால் பாத்தி இல்லை, புல்வெளி இல்லை, கண்ணைப் பறிக்கும் பூக்கள் இல்லை. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற ஓடு, பெரிய குளம், ஓட்டை ஓட்டையாகக் கற்கள், வளைந்து வளைந்து போகும் தாழ்வாரம். "டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருக்கிறோம், பூ எங்கே?" என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, இது பூ பார்க்கிற தோட்டம் இல்லை. உட்கார்ந்து யோசிக்கிற தோட்டம்" என்றாள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் பார்த்தது ஜுவோஜெங் யுவான். தமிழில் சொன்னால் "திறமையற்ற நிர்வாகியின் தோட்டம்". இந்தப் பெயரைக் கேட்டதும் ஓய்வு பெற்றவனான எனக்குச் சிரிப்பு வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிங் வம்ச ஆட்சிக் காலத்தில், வாங் ஷியான்சென் என்ற அதிகாரி உத்தியோகத்தில் பல அடிகள் பட்டு ஊர் திரும்பினார். பழைய கோயில் இருந்த இடத்தை எடுத்துத் தோட்டம் அமைத்தார். அரசியலில் தேறாதவனுக்குத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதும் காய்கறி விற்பதுமே நிர்வாகம் என்ற கருத்தில், அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பான் யுவே என்ற எழுத்தாளர் எழுதியிருந்தார். அதிலிருந்துதான் தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். காய்கறி மார்க்கெட்டுக்குப் பெயர் பெற்ற பரவையில் இருக்கிற நமக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

சீனத்தில் இப்படிப்பட்ட தோட்டங்களை "அறிஞர் தோட்டம்" என்பார்கள். தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த படித்தவர்கள், பணி முடிந்தோ வெறுத்தோ திரும்பி வந்து, கவிதை எழுதவும் நண்பர்களுடன் தேநீர் அருந்தவும் ஓவியம் தீட்டவும் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்டவை.

கல்லும் நீரும் சொல்லும் பொருள்

இயற்கைக் காட்சி என்பதற்குச் சீன மொழியில் உள்ள சொல்லே "மலை - நீர்" என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. மலை அசையாதது, நீர் அசைவது. இரண்டும் இருந்தால் உலகம் முழுமையாகிறது என்பது அவர்கள் எண்ணம். அதனால் குளம் தோண்டுவார்கள், தோண்டிய மண்ணைக் கொட்டிக் குன்று எழுப்புவார்கள். இது நமக்கும் புதிதல்ல. பழந்தமிழில் "செய்குன்று" என்றே ஒரு சொல் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து உவவனத்தில் பளிங்கால் ஆன மண்டபம் ஒன்று வருகிறது. உதயகுமாரன் வந்தபோது மணிமேகலை அதற்குள்தான் போய் மறைந்துகொள்கிறாள். சோலை, பொய்கை, செய்குன்று, மண்டபம் என்ற பட்டியல் நம் நூல்களிலும் சூஜோவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் ஓட்டைக் கல் என்று நினைத்தவை தாய்ஹூ ஏரியிலிருந்து எடுக்கும் சுண்ணாம்புக் கற்கள். நீர் பல காலம் அரித்து அரித்துத் துளைத்தவை. ஒல்லியாக, சுருக்கம் விழுந்து, துளைகளோடு, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தால்தான் நல்ல கல். துன்பத்தில் தேய்ந்தும் நிமிர்ந்து நிற்கும் பெரியவரைப் போல அதைப் பார்ப்பார்கள். பைன் மரம், மூங்கில், பிளம் மூன்றும் "குளிர்கால நண்பர்கள்". பனியிலும் பசுமை மாறாத இரண்டும், பனிக்காலத்திலேயே பூக்கும் ஒன்றும் என்பதால், கஷ்ட காலத்தில் குணம் மாறாதவர்களுக்கு அடையாளம். சேற்றில் பிறந்தும் அழுக்குப் படாத தாமரையை நல்ல மனிதனுக்கு உவமையாக 11-ஆம் நூற்றாண்டில் ஜோ துன்யி எழுதினார். தாமரை பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலங்கள் நேராகப் போகாமல் கோணல் கோணலாகப் போகும். கெட்ட ஆவிகள் நேராகத்தான் போகும், திரும்பத் தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உண்மைக் காரணம், நடப்பவரை மெதுவாக்குவது. ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சி மாறும். சிறிய இடம் பெரிதாகத் தெரியும். சுவரில் ஜன்னல் வைத்து, அதற்கு அந்தப் பக்கம் நாலு மூங்கில் நட்டால், அதுவே ஓவியம். வெள்ளைச் சுவர்தான் காகிதம்.

இன்னொரு உத்தி "காட்சியைக் கடன் வாங்குவது". தோட்டத்துக்கு வெளியே, ஊருக்குள் நிற்கிற ஒரு பழைய பகோடா கோபுரம், குளத்தின் ஒரு கரையிலிருந்து பார்த்தால் தோட்டத்துக்குள் நிற்பது போலவே தெரிகிறது. ஒரு காசு செலவில்லாமல் கோபுரம் சொந்தமாகிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் மனுக்களோடு உட்கார்ந்தவன் நான். திருப்பிக் கட்ட வேண்டாத கடனை அங்கேதான் பார்த்தேன். நம் மொட்டை மாடியில் மாலையில் நின்றால் நாகமலையின் நீண்ட முதுகு தெரிகிறதே, அதுவும் அப்படிப்பட்ட கடன்தான்.

நாங்கள் போன அன்று மத்தியானம் தூறல் விழுந்தது. "மழை கேட்கும் கூடம்" என்று ஒரு சிறிய கட்டடம் அங்கே இருக்கிறது. அதை ஒட்டி வாழை நட்டிருக்கிறார்கள். மழைத்துளி வாழை இலையில் விழும் ஓசையைக் கேட்பதற்கென்றே கட்டிய இடம். சோழவந்தான் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ்ஸில் எத்தனை முறை போயிருக்கிறேன். அந்த ஓசையை ஒருநாளும் நின்று கேட்டதில்லை. என் மனைவி அரை மணி நேரம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

மதுரையின் தோட்டம் எது?

ஊர் திரும்பியதும் மனத்தில் ஒரு கேள்வி. இப்படி ஒன்று நம்மிடம் இருந்ததா? யோசித்துப் பார்த்தால் மதுரையே ஒரு தோட்டத்திலிருந்து தொடங்கிய ஊர். கடம்பவனத்தை அழித்துத்தான் நகரம் கட்டியதாகத் திருவிளையாடல் சொல்கிறது. காட்டில் லிங்கத்தைக் கண்டு பாண்டியனிடம் சொன்னவன் தனஞ்செயன் என்ற வணிகன். கடம்பவனம் என்ற பெயரை மதுரை இன்னும் விடவில்லை. அறிஞர்கள் நீரருகே கூடியதற்கும் நம்மிடம் கதை உண்டு. தகுதியுள்ள நூலுக்கு மட்டும் இடம் கொடுத்த சங்கப் பலகையின் கதையைப் பொற்றாமரைக் குளத்தோடு சேர்த்துத்தானே சொல்கிறோம்.

ஆனால் கல்லும் நீரும் மண்டபமும் கணக்குப் போட்டுச் சேர்ந்த இடங்கள் என்றால், திருமலை நாயக்கர் (1623-1659) கட்டிய இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம். நம்மில் பலருக்கு அது தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் இருந்த இடம். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதன் இன்னொரு பெயர் வசந்த மண்டபம். சுமார் 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். வைகாசி வெயிலில் சுவாமியும் அம்மனும் வந்து இளைப்பாறும் வசந்த விழாவுக்காகக் கட்டியது. மண்டபத்தைச் சுற்றித் தாழ்வான கல் அகழி இருக்கிறது. விழா நாட்களில் அதில் நீர் நிரப்புவார்கள். நீரின் மேல் தவழ்ந்து வரும் காற்று குளிர்ந்து உள்ளே போகும். நம் வீட்டு ஏர்கூலர் செய்கிற அதே வேலை, கரண்ட் இல்லாமல்.

சீனத்தில் ஜி செங் என்பவர் தோட்டக்கலைக்கென்றே "யுவான் யெ" என்ற நூலை எழுதி முடித்தது 1631-ல். நாயக்கர் இங்கே ஆண்டுகொண்டிருந்த அதே காலம். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவரும் கட்டடத்தையும் நீரையும் பிரிக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் கட்டியது. சீனத்தில் மிங் வம்சம் விழுந்ததற்கு அடுத்த ஆண்டு. ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. நான்கு பக்கமும் கல் சுவர், கல் படிகள். நீர் வருவது வைகையிலிருந்து. நடுவில் ஒரு தீவு. அதில் கோபுரத்தோடு மைய மண்டபம், சுற்றி மரங்கள். மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தைத்தான் நாயக்கர் குளமாக்கினார் என்று சொல்வது வழக்கம். மண் எடுக்கும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தது. சீனத்தில் தோண்டிய மண் குன்றாயிற்று, இங்கே மாளிகையாயிற்று. இரண்டு இடத்திலும் பள்ளத்தை மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சுற்றுவது யார்?

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் அது தவறு. சூஜோ தோட்டத்தில் எந்த இடத்திலிருந்தும் முழுத் தோட்டமும் தெரியாது. மறைத்து மறைத்துக் காட்டுவார்கள். காட்சி நிற்கும், நாம்தான் சுற்ற வேண்டும். தெப்பக்குளத்தில் எந்தப் படியில் உட்கார்ந்தாலும் மொத்தமும் தெரியும். சதுரம், நடு, நான்கு திசை. ஒளிவுமறைவே இல்லை. தைப்பூசத்தன்று (நாயக்கரின் நட்சத்திரமும் பூசம் என்பார்கள்) தெப்பம் காலையில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். நாம் நிற்போம், தெய்வம் சுற்றும். வடம் பிடித்து இழுப்பது கரையில் இருக்கிற ஜனங்கள்.

அடுத்த வித்தியாசம் இன்னும் பெரியது. சீனத் தோட்டம் உயர்ந்த மதிலுக்குள் ஒருவருக்குச் சொந்தம். அவரும் அவர் நண்பர்களும் மட்டும் உட்காரலாம். சொந்தம் என்பதால் கைமாறவும் செய்தது. வாங் இறந்தபின் அவர் மகன் சூதாட்டத்தில் அதைத் தோற்றான் என்று சொல்கிறார்கள். தெப்பக்குளப் படியில் உட்கார யாரிடமும் கேட்க வேண்டாம். பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு யாரும் உட்காரலாம். அதை யாரும் சூதில் வைத்துத் தோற்கவும் முடியாது.

ஆனால் வேறு விதமாகத் தோற்கலாம், தோற்றும் இருந்தோம். நீர் வரும் வழி தூர்ந்து, தெப்பக்குளம் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையன்கள் உள்ளே கிரிக்கெட் விளையாடினார்கள். தெப்பத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தே விழா நடத்திய ஆண்டுகள் உண்டு. அப்போது நானும் ஒருநாள் செருப்போடு நடந்து மைய மண்டபம் வரை போனேன். எல்லாரும் நடந்து போகிற இன்னொரு கட்டடமாகத்தான் அது தெரிந்தது. நீர் இருந்தால்தான் அது தீவு. எட்ட நின்று பார்க்கிற அந்த இடைவெளிதான் நடுவில் இருப்பதைப் பெரிதாக்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகை நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அன்று மாலை நாலு படியிலும் கூட்டம். புதிதாக ஒரு கல்கூட வைக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான் வந்தது. மறுபடியும் அது தெப்பக்குளம் ஆகிவிட்டது.

மீண்டும் நம் பள்ளம்

என் மனத்தை மாற்றியது எது என்று இப்போது சொல்கிறேன். வாங் ஷியான்சென்னின் நண்பர் வென் ஜெங்மிங் பெரிய ஓவியர். 1533-ல் அந்தத் தோட்டத்தின் 31 காட்சிகளை வரைந்து, கூடவே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். தோட்டம் உருவான விதத்தை அதில் சொல்கிறார். அங்கே காலி நிலம் நிறைய இருந்ததாம். நடுவில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததாம். அதைக் கொஞ்சம் தூர்வாரிச் சுற்றி மரம் வைத்தார்களாம். அவ்வளவுதான். இன்றும் அந்தத் தோட்டத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்தான்.

மகள் அனுப்பிய புத்தகத்தில் இதைப் படித்தபோது, என் மதிப்பீட்டில் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. தண்ணீர் தேங்கும் காலி நிலம். ஒருவர் அதைப் பார்த்து உலகம் வந்து பார்க்கும் தோட்டம் அமைத்தார். நான் அதைப் பார்த்து பேவர் பிளாக் சதுர அடிக்கு என்ன விலை என்று விசாரித்தேன்.

சீனத் தோட்டம் கட்டச் சொல்லவில்லை. தாய்ஹூ கல்லும் வேண்டாம். நான் கேட்பது இதுதான். பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, வண்டல் எடுத்து, கரையை ஒழுங்குபடுத்துவோம். இரண்டு கல் பெஞ்சு. ஓரத்தில் ஒரு வரிசை வாழை. குழந்தைகளுக்காக இடுப்பளவு வேலி. என் கணக்குப்படி பேவர் பிளாக் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. கணக்குத் தாளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். கொசு வரும் என்பீர்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வண்டல் எடுத்தால் நீர் அதற்குள் மண்ணில் இறங்கிவிடும், இறங்காத மழைக்காலத்துக்கு மீன் விடலாம். கார் எங்கே நிறுத்துவது என்பீர்கள். இது நியாயமான கேள்வி. இரண்டாவது கார் வைத்திருப்பவர்களின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. முன்புற மதிலை ஒட்டிக் கோடு போட்டு ஒழுங்காக நிறுத்தினால் எட்டு வண்டிகளுக்கு இடம் கிடைக்கும். மீதி ஆறு வண்டிகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அதைக் கூட்டத்தில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நம் மூன்று போர்வெல்களில் கடைசியாகக் காற்று வாங்குவது சி பிளாக்குக்குப் பின்னால் இருப்பதுதான். மோட்டார் போடுகிற வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளம் சும்மா கிடக்கவில்லை, நமக்குச் சேமித்துக்கொண்டிருக்கிறது. வங்கியில் இருந்தவன் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். டெபாசிட்டைப் போய்ச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டேன்.

பரவை என்ற சொல்லுக்குத் தமிழில் கடல் என்றும் பொருள் உண்டு. பரந்து விரிந்தது என்பதால் வந்த பெயர். கடல் இல்லாத ஊரில், கண்மாய்க்கும் வைகைக்கும் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, இருக்கிற கொஞ்சம் தண்ணீருக்கும் இடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமா?

கூட்டத்துக்கு முன், ஒரு மழை விட்ட மாலையில், சி பிளாக்குக்குப் பின்னால் வாருங்கள். ஐந்தரை மணிக்கு மேல் நான் அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு இருப்பேன். வரும்போது உங்களுக்கும் ஒரு நாற்காலி எடுத்து வாருங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு எப்படி வேண்டுமானாலும் வாக்களியுங்கள்.

பொதுக்குழுவில் சந்திப்போம்.